ஆள் தெரியாமல் அரசு ஆர்டர் கிடைக்குமா? கடலூர் பட்டறைக்காரர் ஒருவருக்குப் பதில்

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இது: கடலூரில் இரும்பு பெஞ்சு, கட்டில், பீரோ, கிரில் செய்யும் பட்டறை. ஆறு பேர் வேலை செய்கிறார்கள். ஜி.எஸ்.டி. இருக்கிறது. இரண்டு டெண்டர் போட்டீர்கள், இரண்டிலும் விலைக் கவரைத் திறக்கும் முன்பே தள்ளிவிட்டார்கள். "ஆள் தெரியாமல் கிடைக்குமா? ஏஜென்ட் 15,000 ரூபாய் கேட்கிறார், கொடுக்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் கேட்க நினைத்தது வேறு என்று தோன்றுகிறது. எல்லா டெண்டரும் முன் அனுபவம் கேட்கிறது, ஆர்டர் கிடைத்தால்தான் அனுபவமே வரும், அப்படியானால் முதல் ஆர்டரை எந்த வாசல் வழியாக வாங்குவது? அதற்குத்தான் இந்தப் பதில். ஆள் தெரிவது பற்றிக் கடைசிப் பக்கம் சொல்கிறேன்.

உங்கள் பட்டறை நிற்கும் இடமே ஒரு வசதி. ஐம்பது கிலோமீட்டருக்குள் மூன்று விதமான வாங்குபவர்கள் இருக்கிறார்கள், மூவருக்கும் நடைமுறை வேறு. கடலூர் மாநகராட்சி, பண்ருட்டி, நெல்லிக்குப்பம் நகராட்சிகள், ஊராட்சி ஒன்றியங்கள், அரசுப் பள்ளிகள், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் எல்லாம் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைச் சட்டம், 1998 மற்றும் அதன் 2000ஆம் ஆண்டு விதிகளின் கீழ் வருபவை. எல்லையில் உள்ள முள்ளோடையைத் தாண்டிவிட்டால் புதுச்சேரி அரசு. அது யூனியன் பிரதேசம் என்பதால் மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017தான் அடிப்படை. மூன்றாவது, மத்திய அரசின் கீழ் இருப்பவை: நெய்வேலியில் என்.எல்.சி., புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை. டெண்டர் பார்க்கும் தளங்களும் வேறு வேறு. தமிழ்நாட்டுக்குத் தனித் தளம், புதுச்சேரிக்குத் தனித் தளம், இவற்றுக்கு மேல் 2016இல் தொடங்கிய ஜெம் என்ற மத்திய அரசின் இணையக் கொள்முதல் சந்தை. ஒன்றில் பதிந்தால் மற்றதில் பதிந்ததாகாது. கால அவகாசம்கூட மாறும். தமிழ்நாட்டு விதியில் 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள். அதிகாரி காரணம் எழுதிக் குறைக்கவும் முடியும். மத்திய விதியில் சாதாரணமாக மூன்று வாரம். ஆகவே வாரம் ஒருமுறை தளத்தைப் பார்ப்பவருக்குத் தமிழ்நாட்டு டெண்டர் பாதி கழிந்த பிறகுதான் கண்ணில் படும். ஒருநாள் விட்டு ஒருநாளாவது பார்க்க வேண்டும்.

இந்த மூன்றில் அனுபவம் இல்லாத சிறு உற்பத்தியாளருக்கு ஏற்ற வாசல் மூன்றாவது என்பது என் கணிப்பு. காரணம், 2012ஆம் ஆண்டின் குறு, சிறு நிறுவனங்களுக்கான பொதுக் கொள்முதல் கொள்கை. மத்திய அமைச்சகங்களும் மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும்; அதற்குள் எஸ்.சி., எஸ்.டி. உரிமையாளர்களுக்கு 4, பெண் உரிமையாளர்களுக்கு 3 சதவீதம். ஈ.எம்.டி., அதாவது டெண்டரோடு கட்டும் முன்வைப்புத் தொகை, கட்ட வேண்டாம், டெண்டர் படிவத்துக்குக் காசு இல்லை. இதைவிடப் பெரிய சலுகை விலையில் இருக்கிறது. எல்-1 ஆக, அதாவது மிகக் குறைந்த விலை போட்டவராக, வந்தவர் பெரிய நிறுவனம், உங்கள் விலை அவருடையதைவிட 15 சதவீதத்துக்குள் கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் விலைக்கு இறங்கி வரச் சம்மதமா என்று உங்களைக் கேட்பார்கள். சம்மதித்தால் மொத்த அளவில் 25 சதவீதம் வரை உங்களுக்கு வரும். 400 பெஞ்சுக்கான ஆர்டரில் 100 பெஞ்சு என்றால் ஆறு பேர் பட்டறைக்கு அதுதான் சரியான அளவும்கூட.

அனுபவச் சிக்கலுக்கும் இங்கேதான் விடை கொஞ்சம் இருக்கிறது. ஜெம் பிட் (டெண்டரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) ஆவணத்தின் முதல் பக்கங்களில் அனுபவ ஆண்டுகள், ஆண்டு விற்றுமுதல் இவற்றில் குறு, சிறு நிறுவனங்களுக்கு விலக்கு உண்டா என்று ஒரு வரி இருக்கும். எதிரே 'ஆம்' அல்லது 'இல்லை'. முதலில் அந்த வரியைப் பாருங்கள். 'இல்லை' என்றால் அந்த பிட்டில் நேரத்தைச் செலவிட வேண்டாம். 'ஆம்' என்றாலும் தரமும் தொழில்நுட்பக் குறிப்பும் ஒத்துப்போனால்தான் விலக்கு. இது வாங்குபவர் கொடுக்கும் தளர்வு. உரிமையாகக் கேட்டு வாங்க முடியாது. விலக்கு இல்லாத டெண்டர்களில் பெரும்பாலும் வரும் கணக்கு: முந்தைய ஆண்டுகளில் மதிப்பீட்டில் 40 சதவீத அளவில் மூன்று வேலை, அல்லது 50 சதவீதத்தில் இரண்டு, அல்லது 80 சதவீதத்தில் ஒன்று, மூன்று ஆண்டு சராசரி விற்றுமுதல் மதிப்பீட்டில் 30 சதவீதம். 20 லட்சம் மதிப்புள்ள டெண்டர் என்றால் 8 லட்சத்தில் மூன்று, 10 லட்சத்தில் இரண்டு, அல்லது 16 லட்சத்தில் ஒன்று, விற்றுமுதல் 6 லட்சம். இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். தனியார் பள்ளி ஒன்றுக்கு 2 லட்சத்துக்கு பெஞ்சு செய்து பில், வங்கி வரவு, வேலை முடிந்த சான்று மூன்றும் கையில் இருந்தால், தனியார் வேலையை ஏற்கும் டெண்டர்களில் இரண்டரை லட்சம் வரை நீங்கள் தகுதியானவர். பல பட்டறைகளில் வேலை நடந்திருக்கும், சான்று இருக்காது. இதுவரை செய்த பெரிய வேலைகளுக்கு லெட்டர்ஹெட்டில், தேதி, தொகை, பொருள் குறிப்பிட்டு இப்போதே சான்று வாங்கி வைத்துவிடுங்கள்.

இந்தக் கொள்கையில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன, கவனம். இது தாங்களே உற்பத்தி செய்பவருக்கும் சேவை தருபவருக்கும்தான், வாங்கி விற்பவருக்குக் கிடையாது. உத்யம், அதாவது மத்திய அரசின் குறு, சிறு தொழில் பதிவில் உங்கள் தொழில் வணிகம் என்று இருந்தால் ஈ.எம்.டி. விலக்கு கேட்டதே தள்ளுபடிக்குக் காரணமாகிவிடும். உலோக பெஞ்சு, பீரோவுக்குத் தொழில் குறியீடு 31 என்று தொடங்க வேண்டும். கிரில், கேட் போன்றவற்றுக்கு 25. உத்யம் சான்றைப் பிரித்துப் பாருங்கள். நீங்கள் தோற்ற இரண்டு டெண்டரில் ஒன்றுக்காவது காரணம் இதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். தள்ளுபடிக் கடிதத்தைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. இரண்டாவது ஓட்டை: கட்டட வேலை, அதாவது 'ஒர்க்ஸ்' ஒப்பந்தம் இந்தக் கொள்கைக்குள் வராது. பள்ளிக்கு கிரில் செய்து கொடுப்பது பொருள் வழங்கல். அதே கிரிலைச் சுவரில் பதித்து, பூசி, பெயின்ட் அடித்துத் தருவது ஒர்க்ஸ் ஆகிவிடலாம். அங்கே பொதுப்பணித் துறை ஒப்பந்ததாரர் பதிவு வகுப்பு கேட்பார்கள், சலுகை எதுவும் பேசாது.

புதுச்சேரி அரசு, தமிழ்நாடு அரசு டெண்டர்களில் சிறு தொழிலுக்கு ஈ.எம்.டி. விலக்கோ விலை முன்னுரிமையோ உண்டா என்பதை அந்தந்த டெண்டர் படிவம்தான் சொல்லும். ஜிப்மரில் விலக்கு கிடைத்தது என்பதற்காகப் புதுச்சேரி நகராட்சியில் பணம் கட்டாமல் போட்டால் அன்றே வெளியே வந்துவிடுவீர்கள். சந்தேகமாக இருந்தால் கட்டிவிடுவது மேல். தோற்றால் திரும்பி வரும் பணம்தான்.

எல்லையைப் பற்றி இன்னொன்று. புதுச்சேரியின் பாகூருக்கு உங்கள் பட்டறையிலிருந்து டெம்போ அரை மணி நேரத்தில் போய்விடும், ஆனால் ஜி.எஸ்.டி. பார்வையில் அது வேறு மாநிலம். ஐ.ஜி.எஸ்.டி. போட்டுத்தான் பில் எழுத வேண்டும், 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு என்றால் இ-வே பில் வேண்டும். நீங்கள் காம்போசிஷன் என்ற சிறு தொழிலுக்கான எளிய ஜி.எஸ்.டி. திட்டத்தில் இருந்தால் மாநிலம் விட்டு மாநிலம் பொருள் விற்கவே அனுமதி இல்லை. அதாவது புதுச்சேரி அரசு, ஜிப்மர் இரண்டுமே உங்களுக்கு மூடிய கதவு. 'ஜி.எஸ்.டி. இருக்கிறது' என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள், எந்த வகை என்று சொல்லவில்லை. ஆடிட்டரிடம் இன்றே கேளுங்கள். ரெகுலர் திட்டத்துக்கு மாறிய பிறகு டெண்டர் போடுங்கள்.

இப்போது டெக்னிக்கல் கவரில், அதாவது விலைக் கவருக்கு முன் திறக்கும் தகுதி ஆவணங்களில், ஏன் விழுகிறது என்பதற்கு வருவோம். தோற்பவர்களில் பெரும் பகுதி இங்கேதான் தோற்கிறார்கள், விலையில் அல்ல. கிளாஸ் 3 டிஜிட்டல் கையொப்பம் வேண்டும்; கிளாஸ் 2 என்பது 2021 ஜனவரியோடு நின்றுவிட்டது. வாங்கும்போது கையொப்பம், என்கிரிப்ஷன் இரண்டும் சேர்ந்ததாகக் கேளுங்கள், சில தளங்கள் இரண்டையும் கேட்கும். கையொப்பத்தைப் போட்டுத் தரும் யு.எஸ்.பி. டோக்கனில் உள்ள பெயரும் பான் கார்டில் உள்ள பெயரும் ஓர் எழுத்துகூட மாறக் கூடாது. 'முருகன் கே' என்றும் 'கே. முருகன்' என்றும் இருந்தால் சிக்கல். விற்றுமுதல் சான்று ஆடிட்டர் கையெழுத்தோடு மட்டும் இருந்தால் போதாது, அதில் அந்தச் சான்றுக்கென்று ஆடிட்டர் எடுக்கும் யு.டி.ஐ.என். எண் இருக்க வேண்டும். உறுதிமொழிப் பத்திரத்தை டெண்டர் தேதிக்கு முந்தைய தேதியில் வாங்கி வைக்கக் கூடாது. ஈ.எம்.டி. டிடியாகவோ வங்கி உத்தரவாதமாகவோ என்றால் யார் பெயருக்கு என்பதை எழுத்துக்கு எழுத்து பார்க்க வேண்டும். செயற்பொறியாளர் பெயருக்கு எடுக்க வேண்டியதை ஆணையர் பெயருக்கு எடுத்தால் செல்லாது. அசல் ஆவணத்தை நேரில் சேர்க்கச் சொல்லியிருந்தால் தளத்தில் ஏற்றியது மட்டும் போதாது, குறித்த நேரத்துக்குள் அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்க வேண்டும்.

மன்னிக்கவே மாட்டார்கள் என்று இரண்டு தவறுகள் இருக்கின்றன. ஒன்று, விலை டெக்னிக்கல் கவரில் தெரிந்துவிடுவது. கொட்டேஷனைப் பழக்கத்தில் ஸ்கேன் செய்து டெக்னிக்கல் ஆவணத்தோடு ஏற்றிவிடுவார்கள். இன்னொன்று நிபந்தனை போடுவது. 'வண்டி வாடகை தனி', 'இரும்பு விலை ஏறினால் மாறும்' என்று லெட்டர்ஹெட்டின் கீழே அச்சாகவே இருக்கும் வரி போதும், நிபந்தனை டெண்டர் என்று ஒதுக்க. டெண்டருக்கென்று வெறும் லெட்டர்ஹெட் ஒன்று அடித்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாடு, புதுச்சேரி தளங்கள் இரண்டும் ஒரே மென்பொருள் குடும்பம், ஆகவே ஒன்றைக் கற்றால் மற்றது எளிது. விலைப் பட்டியலை எக்ஸெல் கோப்பாகத் தருவார்கள். அதன் பெயரை மாற்றக் கூடாது. 'புதிது', 'இறுதி' என்று பெயருக்குப் பின்னால் ஒட்டினால் தளம் ஏற்காது. மேக்ரோ இயங்க அனுமதித்து, நிறமிட்ட கட்டங்களை மட்டும் நிரப்ப வேண்டும். ஆவணங்களை 100 டி.பி.ஐ. கறுப்பு வெள்ளை ஸ்கேனாக வைத்தால் ஏற்ற எளிது, படிக்கவும் முடியும். எல்லாம் ஏற்றிய பிறகு கடைசியில் 'ஃப்ரீஸ்' பொத்தானை அழுத்தினால்தான் பிட் பதிவாகும். அதை அழுத்தாமல் கம்ப்யூட்டரை மூடிவிட்டுப் போட்டாயிற்று என்று நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. பிட் எண்ணோடு ஒப்புகை வந்ததா என்று பார்த்து அச்செடுத்து வையுங்கள். நேரம் முடியும்வரை விலையை மாற்றி மறுபடி ஏற்றலாம்; ஆனால் பிட்டை 'வித்ட்ரா' செய்துவிட்டால் அதே டெண்டரில் மறுபடி நுழைய முடியாது. திருத்த அறிவிப்பு வந்திருக்கிறதா என்று முந்தின நாள் பாருங்கள், சில நேரம் விலைப் பட்டியலே மாறியிருக்கும். கெடு 3 மணி என்றால் அது தளத்தின் கடிகாரம், உங்கள் கைக்கடிகாரம் அல்ல. முந்தின நாள் மாலைக்குள் முடித்துவிடுங்கள்.

விலை போடுவதற்கு முன் ஒரு வாரம் பழைய முடிவுகளைப் படியுங்கள். முடிந்த டெண்டர்களில் யார் யார் கலந்துகொண்டார்கள், என்ன விலை என்பது தளத்திலேயே பெரும்பாலும் தெரியும், ஜெம்மிலும் தெரியும். இருபது முடிவுகளைப் பார்த்தால் இந்தப் பகுதியில் ஒரு பெஞ்சு எந்த விலைக்குப் போகிறது என்று பிடிபட்டுவிடும். அப்புறம் குறிப்பைப் படியுங்கள். 1.2 மி.மீ. சி.ஆர். ஷீட் என்று இருந்தால் கடையில் '18 கேஜ்' என்று கேட்டு வாங்கிவந்து விடாதீர்கள், மைக்ரோமீட்டர் வைத்துப் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் 1 மி.மீ. தகடு 7.85 கிலோ, 1.2 மி.மீ. என்றால் 9.42 கிலோ. பரிசோதனைக்கு வருபவர் பெஞ்சைத் தராசில் ஏற்றினாலே குட்டு வெளிப்பட்டுவிடும். பவுடர் கோட்டிங் மைக்ரான் கணக்கில் கேட்டிருந்தால் கோட்டிங் போடுபவரிடம் அளவுச் சான்றும் வாங்குங்கள். குறிப்பில் ஐ.எஸ். (இந்தியத் தரநிலை) எண் இருந்தால் அந்தத் தரத்துக்கான ஆய்வக அறிக்கை எத்தனை நாளில் வரும் என்று விசாரித்துவிட்டுத்தான் பிட் போட வேண்டும்.

கணக்கில் பட்டறைக்காரர்கள் தவறுவது இரும்பிலோ கூலியிலோ அல்ல, காத்திருக்கும் காசில். 100 பெஞ்சு, ஒன்று 8,000 என்றால் 8 லட்சம். 18 சதவீத ஜி.எஸ்.டி.யோடு பில் 9,44,000. சலுகை ஈ.எம்.டி.க்குத்தான், ஆர்டர் கிடைத்த பிறகு கட்டும் செயல்திறன் உத்தரவாதத்துக்கு இல்லை. அது 5 சதவீதம் என்றால் 40,000 ரூபாய் உத்தரவாதக் காலம் முடிந்து மேலும் இரண்டு மாதம் வரை முடங்கும். ஒப்பந்தம் இரண்டரை லட்சத்துக்கு மேல் என்பதால் ஜி.எஸ்.டி. டி.டி.எஸ். 2 சதவீதம், 16,000, பிடித்துக்கொண்டு தருவார்கள். அது நட்டமில்லை, உங்கள் மின்னணு ரொக்கக் கணக்கில் வரும், ஆனால் ஜி.எஸ்.டி. தளத்தில் போய் நீங்கள் ஏற்றுக்கொண்டால்தான் வரும். மாதாமாதம் ரிட்டர்ன் போடுபவர் என்றால் பில் எழுதிய மாதத்தின் வரியை மறு மாதம் 20ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும், அரசு உங்களுக்குப் பணம் தந்ததா என்பதை அந்தச் சட்டம் கேட்காது. இரும்புக்கு 4,80,000 என்றால், பில்லில் உள்ள வரி 1,44,000இல் இரும்பு வாங்கும்போது கட்டிய உள்வரி 86,400 கழித்து 57,600 கையிலிருந்து போகும். இரும்பு, கூலி, வரி எல்லாம் சேர்த்து ஆறரை லட்சம் வெளியே நிற்கிறது என்று வையுங்கள். ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் மூன்று மாதம் நின்றால் 19,500. நீங்கள் வைத்த லாபம் 8 சதவீதம், 64,000 என்றால் அதில் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கம் வட்டிக்கே போய்விட்டது. ஆகவே வட்டியைச் செலவில் ஒரு வரியாக எழுதி விலை போடுங்கள். இறக்குகூலி, மூன்றாம் மாடிக்கு ஏற்றுவது, பல பள்ளிகளுக்குப் பிரித்துக் கொண்டுபோவது இவையும் அதே பட்டியலில் வர வேண்டும்.

எப்படியாவது முதல் ஆர்டரைப் பிடிப்போம் என்று அடக்கத்துக்குக் கீழே போடுவது மோசமான யோசனை. ஜெம்மில் ரிவர்ஸ் ஏலம் வந்தால் கை தானாகக் குறைத்துக்கொண்டே போகும். எந்த விலையில் நிறுத்துவது என்பதைத் தாளில் எழுதி முன்னால் ஒட்டிக்கொள்ளுங்கள். எல்-1 வந்தபின் முடியாது என்றால் ஈ.எம்.டி. போகும், விலக்கு வாங்கியவர் என்றால் குறிப்பிட்ட காலத்துக்கு டெண்டரே போட முடியாமல் நிறுத்திவைப்பார்கள். தாமதமாகக் கொடுத்தால் ஜெம் நிபந்தனையில் வாரத்துக்கு அரை சதவீதம், அதிகபட்சம் 10 சதவீதம் வெட்டு.

பணம் வருவதில் சட்டம் உங்கள் பக்கம் நன்றாகவே இருக்கிறது. 2006ஆம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. மேம்பாட்டுச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் பொருளை ஏற்ற நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் போகக் கூடாது. போனால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி, மாதக் கணக்கில். இதற்கான அரசு இணையதளத்தில் புகார் பதியலாம். உத்யம் பதிவு ஒப்பந்தத்துக்கு முந்தையதாக இருப்பது பாதுகாப்பு. பின்னால் எடுத்தது செல்லுமா என்பதிலும், ஒர்க்ஸ் ஒப்பந்தத்துக்கு இந்தச் சட்டம் பொருந்துமா என்பதிலும் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. நடைமுறையில், அடுத்த டெண்டரும் அதே அலுவலகத்தில் போட வேண்டும் என்பதால் பெரும்பாலோர் புகாருக்குப் போவதில்லை. முதலில் செய்ய வேண்டியது எளிது: பொருள் இறங்கிய நாளில் டெலிவரி சலானில் பெயர், பதவி, தேதி, முத்திரையோடு கையெழுத்து. ஜெம்மில் என்றால் ஏற்புச் சான்று ஏறியதா என்று தினமும் பார்ப்பது. அந்தத் தேதி இல்லாமல் 45 நாளை எங்கிருந்து எண்ணுவது?

ஆள் தெரிய வேண்டுமா என்ற கேள்விக்கு வருகிறேன். எல்லா இடத்திலும் சுத்தம் என்று நான் சொன்னால் நீங்களே சிரிப்பீர்கள். எந்த அலுவலகத்தில் என்ன நடக்கிறது என்று இங்கிருந்து சொல்லவும் முடியாது. ஆனால் அடையாளங்கள் உண்டு. ஒரே மூன்று பெயர்கள் மாறி மாறி எல்-1 வருவது, ஒரே ஒரு கம்பெனியின் பொருளுக்கு மட்டும் பொருந்தும்படி அளவுகள் எழுதியிருப்பது, விடுமுறைகளுக்கு நடுவே குறுகிய அவகாசம். அப்படிப்பட்டவற்றை விட்டுவிடுங்கள், டெண்டர் வேறு நிறைய வரும். 'சும்மா ஒரு சப்போர்ட் கொட்டேஷன் கொடுங்க தம்பி' என்று யாராவது கேட்டால் மட்டும் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். அது போட்டி இருப்பதுபோல் காட்டும் ஏற்பாடு, போட்டிச் சட்டம் தடை செய்தது, பிடிபட்டால் கறுப்புப் பட்டியலில் ஏறுவது உங்கள் பெயரும்தான். அநியாயமாகத் தள்ளிவிட்டார்கள் என்று நினைத்தால் தமிழ்நாட்டுச் சட்டத்தில் உத்தரவு கிடைத்த 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். கூடவே, 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போட்டு ஒப்பீட்டுப் பட்டியலின் நகலைக் கேளுங்கள். உங்கள் இரண்டு தோல்விக்கும் காரணம் அதில் ஒரு வரியாக எழுதியிருக்கும்.

ஏஜென்ட் விஷயம். உத்யம் பதிவு இலவசம், ஜெம்மில் பதிவதற்கும் கட்டணம் இல்லை, டிஜிட்டல் கையொப்பத்துக்கு மட்டும்தான் செலவு. கடலூரிலும் புதுச்சேரி தட்டாஞ்சாவடியிலும் உள்ள மாவட்டத் தொழில் மையங்களில் கேட்டால் வழி சொல்வார்கள். பட்டறை வேலைக்கு நடுவே கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்ட நேரமில்லை என்றால், முதல் இரண்டு டெண்டருக்கு ஒருவரைக் கூலிக்கு வைத்துக்கொள்வது தப்பில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். 'ஆர்டர் வாங்கித் தருகிறேன்' என்று சொல்லி 15,000 கேட்டால் அது வேறு வியாபாரம், வேண்டாம். யாரை வைத்தாலும் டோக்கனையும் அதன் ரகசிய எண்ணையும் கொடுத்துவிட்டு வராதீர்கள். பதிவில் கொடுக்கும் மொபைல் எண், மின்னஞ்சல் இரண்டும் உங்களுடையதாக இருக்கட்டும். ஏஜென்டின் எண்ணைக் கொடுத்துவிட்டால், விலையை ஒத்துக்கொள்ளச் சம்மதமா என்று ஜிப்மரோ என்.எல்.சி.யோ கேட்கும் செய்தி அவர் போனுக்குத்தான் போகும்.